இறுகிய இயந்திரத்தை உடைக்காமல் விடுவித்தல்: பழைய மில்லிங் மெசின்களை மீட்பதற்கான வழிமுறைகள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஆண்டு முழுவதும் உப்புக்காற்று வீசும். வாடைக்காலம் வந்தால் சுவர்கூட வியர்க்கும். அந்தக் காற்றில் கவனிப்பாரற்று நிற்கும் இரும்புக்கு என்ன நேரும் என்பதைச் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் பற்றைக்குள் மறைந்து கிடந்தவை பல காலம் காட்டின.

கடலோடு போரும் சேர்ந்துகொண்டது. 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் பட்டறைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். 2006 சித்திரையில் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் உடுத்த துணியோடு வெளியேறியவர்களில் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தங்கள் நிலத்தை மீண்டும் பார்த்தார்கள். இடையில் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு கொட்டகைக்குள் மோட்டாரோ, லேத்தோ, மில்லிங் மெசினோ மிஞ்சியிருந்தால், அது அசையாத ஒரே இரும்புக்கட்டியாகவே தெரியும். அந்த நிலையில் முதலில் படலையைத் தட்டுபவர் பழைய இரும்பு வாங்குபவர்தான்.

நிறுவைக்கு விற்ற இயந்திரம் திரும்பி வராது. 1950இல் தொடங்கி 1990இல் உற்பத்தி நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் பழைய இரும்பாகப் போனதை வடக்கில் எல்லோரும் அறிவர். ஆனால் அசையாத இயந்திரமெல்லாம் செத்த இயந்திரமல்ல. பெரும்பாலும் அதன் சில பாகங்கள் மட்டுமே இறுகியிருக்கும். எது, ஏன் இறுகியது என்று கண்டுபிடித்து, அவசரப்படாமல் விடுவித்தால் மெசின் மீண்டும் உழைக்கும். சுத்தியலை முதலில் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் அதைக் கொன்றிருக்கிறார்கள்.

மில்லிங் மெசின் எதற்கு?

நம் ஊரில் ‘மில்’ என்றால் நெல் குத்தும் ஆலை என்றே பொருள். இது வேறு. லேத்தில் வேலைத்துண்டு சுழலும், வெட்டும் கருவி சுழலாது. மில்லிங் மெசினில் கட்டர் சுழலும், மேசையில் பூட்டிய வேலைத்துண்டு அதை நோக்கி நகரும். படகின் புரொப்பெல்லர் தண்டில் சாவிப் பள்ளம் வெட்டுவது, பற்சக்கரத்துக்குப் பல் வெட்டுவது, நெல் ஆலையின் தேய்ந்த பாகத்துக்குப் பதில் பாகம் செய்வது எல்லாம் இதன் வேலை. இது இல்லாத ஊரில் ஒரு சிறிய பாகத்துக்காகக் கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்ட பின்னர், புதிய மெசின் என்பது சிறு பட்டறைக்காரர் நினைத்தும் பார்க்க முடியாத பொருளாகிவிட்டது.

இவ்வகை மெசினின் அமைப்பு இதுதான். தடித்த வார்ப்பிரும்புத் தூண் ஒன்று நிற்கும். அதன் முன்புறம் மேலும் கீழும் ஏறி இறங்கும் பகுதி ‘நீ’. அதன்மேல் முன்னும் பின்னும் போவது சாடில். சாடிலின்மேல் இடமும் வலமும் ஓடுவது மேசை. இவை புறாவின் வால்போல விரிந்த தடங்களில் வழுக்கும். தடத்தின் இடைவெளியை இறுக்கமாகப் பிடிக்க ஒரு பக்கம் சரிவான ‘ஜிப்’ தகடு செருகப்பட்டிருக்கும். கைச்சக்கரத்தைச் சுற்றினால் உருக்குத் திருகாணி ஒன்று வெண்கல நட்டுக்குள் சுழன்று மேசையை நகர்த்தும். இறுக்கம் பெரும்பாலும் தடத்தில், ஜிப்பில், திருகாணியில் அல்லது கட்டரைப் பிடிக்கும் ஸ்பின்டிலில்தான் இருக்கும்.

தொடுவதற்கு முன்

மீளக்குடியேறிய காணியிலுள்ள கொட்டகை என்றால், முதலில் நிலம் பாதுகாப்பானதா என்று உறுதிசெய்ய வேண்டும். மெசினின் அடியிலோ அருகிலோ இனந்தெரியாத உலோகப் பொருள் கிடந்தால் தொடாமல் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிஸுக்கோ அறிவிக்கவேண்டும். அடைபட்ட குழாயையோ கொள்கலனையோ எக்காரணம் கொண்டும் சூடாக்கக்கூடாது, வெட்டக்கூடாது.

அடுத்தது மின்சாரம். இணைப்பை முழுதாகக் கழற்றிவிட்டே வேலை தொடங்கவேண்டும். ஈரம் குடித்த மோட்டாரை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று இயக்கிப் பார்ப்பது ஆபத்து. அதை உலர்த்தி, மின்வினைஞர் மெகர் கருவியால் மின்காப்பை அளக்கட்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் இணைப்புக் கொடுக்கக்கூடாது.

மூன்றாவது பாரம். ‘நீ’ பகுதியும் அதன்மேல் உள்ளவையும் பல நூறு கிலோ இருக்கும். அதைத் தாங்கும் திருகாணியைத் தொடுவதற்கு முன் அடியில் பாலை அல்லது முதிரை மரக்கட்டைகளை இறுக அடுக்கவேண்டும். இறுகியிருந்த ஒன்று எந்த நொடியில் விடுபடும் என்று சொல்ல முடியாது. விடுபடும்போது கை அதனடியில் இருக்கக்கூடாது.

பழைய மெசின்களின் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல் நனைத்துச் சுரண்டவேண்டும். பிள்ளைகள் அருகில் நிற்கக்கூடாது.

பிறகு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். செல் துண்டு பட்ட, கூரை விழுந்த கொட்டகைகளில் இது மிக அவசியம். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். சந்தேகமான இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து உலர்ந்ததும் சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்புக்குள் நின்ற மண்ணெண்ணெய் கசிந்து வெண்மையில் ஒரு கோடாகத் தெரியும்.

கடைசியாக, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவேண்டும். திரும்பப் பூட்டும்போது நினைவைவிடப் படம் நம்பகமானது.

கறளா, பூட்டா, கட்டிப்போன கிறீஸா?

அசையாத பாகங்களில் கணிசமானவை கறளால் இறுகியவை அல்ல. மேசைக்கும் சாடிலுக்கும் ‘நீ’க்கும் தனித்தனிப் பூட்டுப்பிடிகள் உண்டு. கடைசியாக வேலை செய்தவர் அவற்றை இறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். தானாக மேசையை நகர்த்தும் கியர் பிடித்தபடி இருந்தாலும் கைச்சக்கரம் சுற்றாது. எல்லாப் பிடிகளையும் தேடித் தளர்த்திய பிறகே கறளைக் குற்றம் சொல்லவேண்டும்.

இரண்டாவது காரணம் பழைய எண்ணெய். ஓயில் கிடைக்காத காலத்தில் கைக்குக் கிடைத்த நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ ஊற்றியிருப்பார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. தாவர எண்ணெய் நாட்பட்டால் பிசினாகும். தையல் மெசினில் அதை ஊற்றி, பிறகு சக்கரம் இறுகியதை வீடுகளில் கண்டிருப்போம். இந்தப் பிசினுக்குப் பலம் தேவையில்லை. மண்ணெண்ணெயில் நனைத்து, மெதுவாகச் சூடு காட்டினால் கரைந்துவிடும்.

உண்மையான கறள் மூன்றாவது. கறள், தான் உண்டாகக் காரணமான இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் எடுக்கும். இரண்டு பாகங்களுக்கிடையே தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்கும் என்பதால், அங்கு வளரும் கறள் ஆப்புப்போல இறுக்கிவிடும். கடல் உப்பு இதை விரைவாக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாளிலும் கறள் வளரும். ஆகவே வெள்ளமோ கடல்நீரோ புகுந்த மெசினை முதலில் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும். உப்பை விட்டுவிட்டு மேலே எண்ணெய் பூசினால் கறள் எண்ணெய்க்கு அடியில் தொடர்ந்து வேலை செய்யும்.

எண்ணெயும் காத்திருப்பும்

இறுகிய இடத்துக்குத் தேவை மெல்லியதாக ஊர்ந்து செல்லும் எண்ணெய். கடைகளில் இதற்கென்றே திரவங்கள் விற்கின்றன. ஓட்டோ கியர் வாகனங்களுக்கு ஊற்றும் ஏ.ரி.எப். எண்ணெயையும் அசற்றோனையும் சம அளவில் கலந்தும் பலர் பயன்படுத்துகிறார்கள். அசற்றோன் எளிதில் தீப்பற்றும், பூச்சையும் பிளாஸ்ரிக்கையும் கரைக்கும். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் மட்டுமே கையாளவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மண்ணெண்ணெயோ டீசலோ போதும், நாட்கள்தான் கூடும்.

காலையிலும் மாலையிலும் ஊற்றி, ஒவ்வொரு முறையும் மரச்சுத்தியலாலோ பித்தளைச் சுத்தியலாலோ மெதுவாகத் தட்டவேண்டும். தட்டுவது அசைப்பதற்கல்ல. அந்த அதிர்வில் கறள் நுண்ணிய கீறல்களாக உடைந்து எண்ணெய்க்கு வழிவிடும். மூன்று நாள், ஒரு கிழமை, சிலவேளை ஒரு மாதம்கூட ஆகலாம்.

பொறுமையால் எவ்வளவு முடியும் என்பதற்கு இந்தத் துறைமுகத்திலேயே உதாரணம் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த சகாயிங் என்ற பயணிகள் கப்பல், 1943இல் இறங்குதுறையாகப் பயன்படுத்துவதற்காக இங்கு மூழ்கடிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்தார்கள். அதைக் கட்டி இழுத்து எடுக்கவில்லை. மாதக்கணக்கில் ஓட்டைகளை அடைத்து, பக்கங்களைப் பலப்படுத்தி, பிறகே நீரை இறைத்தார்கள். பிடித்து வைத்திருப்பதை முதலில் அகற்றினால், இழுக்கும் வேலை சிறிதாகிவிடும்.

மேசையை விடுவித்தல்

மேசை அசையாவிட்டால் இறுகியிருப்பது தடமா, திருகாணியா என்று பிரித்தறிய வேண்டும். கைச்சக்கரத்தையும் மேசையின் முனையிலுள்ள பெயாரிங் தாங்கியையும் கழற்றுங்கள். இப்போது திருகாணி மட்டும் சுற்றினால் குற்றம் தடத்தில். திருகாணியே சுற்றாவிட்டால் வெண்கல நட்டில்.

தடம் என்றால் அடுத்தது ஜிப். இது ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும் ஆப்பு. தடித்த முனையிலுள்ள திருகைக் கழற்றிவிட்டு, மெலிந்த முனையிலிருந்து பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டினால் தடித்த முனைப் பக்கமாக வெளியே வரும். மறுதிசையில் தட்டினால் இன்னும் இறுகும். ஜிப் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலே மேசையின் பிடி பெரும்பாலும் போய்விடும்.

பிறகு மேசையின் ஒரு முனையில் மரக்கட்டை வைத்துத் தட்டவேண்டும். அசைந்தால் உடனே முழுதாகத் தள்ளக்கூடாது. ஒரு மில்லிமீற்றர் முன்னே, ஒரு மில்லிமீற்றர் பின்னே, நடுவில் எண்ணெய் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டவேண்டும். ஒரே திசையில் இழுத்தால் உடைந்த கறள் தூள் தடத்தைக் கீறிவிடும். மேசையிலுள்ள நீண்ட பள்ளங்களின் விளிம்பில் அலவாங்கு கொடுத்து நெம்பவே கூடாது. விளிம்பு உடைந்தால் மேசையின் பெறுமதியில் பாதி போய்விடும்.

சரியான சாவி

நட்டின் மூலைகள் மழுங்குவதற்குக் கறளைவிடப் பொருந்தாத ஸ்பானரே காரணம். மெசினில் அடித்த தகட்டைத் துடைத்துப் பாருங்கள். பழைய பிரித்தானிய மெசின்களில் விற்வேர்த் அளவு நட்டுகளும் அமெரிக்க மெசின்களில் அங்குல அளவுகளும் இருக்கும். 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.ரி. போன்ற இந்திய நிறுவனங்களின் மெசின்களில் மில்லிமீற்றர் அளவு. விற்வேர்த் நட்டில் மில்லிமீற்றர் ஸ்பானர் ‘ஏறத்தாழ’ப் பொருந்தும். அந்த ‘ஏறத்தாழ’தான் மூலையைத் தின்கிறது. விற்வேர்த் புரியின் கோணம் 55 பாகை, மில்லிமீற்றர் புரியின் கோணம் 60 பாகை. ஒன்றின் போல்ற்றை மற்றதில் முறுக்கி ஏற்றினால் இரண்டும் கெடும்.

திசையையும் கவனிக்கவேண்டும். சில திருகாணிகளும் ஸ்பின்டில் நட்டுகளும் இடதுபுரி கொண்டவை. வெளியே தெரியும் புரியின் சரிவைப் பார்த்த பிறகே பலம் கொடுக்கவேண்டும்.

கைச்சக்கரங்கள் பெரும்பாலும் தண்டில் ஒரு சாவிக்கட்டையாலோ குறுக்கே அடித்த கூம்பு ஊசியாலோ பிடிக்கப்பட்டிருக்கும். கூம்பு ஊசிக்குத் தடித்த முனை, மெலிந்த முனை உண்டு. இரு முனையையும் அளந்து, மெலிந்த முனையிலிருந்தே அடிக்கவேண்டும். சிறிய திருகு ஒன்றைக் கழற்றிய பிறகும் சக்கரம் வராவிட்டால், அதே துளைக்குள் அடியில் இன்னொரு திருகு இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இரண்டு திருகை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது பழைய வழக்கம். சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாமல், இழுவைக் கருவி போட்டு இழுக்கவேண்டும்.

சூடு

இரும்பு சூட்டில் விரியும். 20 மில்லிமீற்றர் துளையுள்ள நட்டை 200 பாகை செல்சியஸால் சூடேற்றினால் துளை ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் பெருக்கும். கறளின் பிடியை உடைக்க அது போதும். சூடு வெளிப்பாகமான நட்டுக்குத்தான், உள்ளேயுள்ள போல்ற்றுக்கு அல்ல. இரண்டும் சேர்ந்து சூடானால் பயனில்லை. சூடான மூட்டில் மெழுகுதிரியைத் தொட்டால் உருகிய மெழுகு இடைவெளிக்குள் இழுபட்டுப் போய் வழுக்கும்.

எண்ணெய் ஊற்றிய இடத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகே தீ காட்டவேண்டும். பெரிய வார்ப்பிரும்புப் பாகத்தில் ஒரு மூலையை மட்டும் செம்மையாகச் சூடாக்கக்கூடாது. சூடானதன்மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. இரண்டும் வெடிப்பில் முடியும். பெயாரிங், பற்சக்கரம், தடம் ஆகியவற்றின் அருகே தீயே வேண்டாம்.

போல்ற் உடைந்து துளைக்குள் நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் செய்து பற்றவைக்கலாம். வெல்டிங் சூடு பிடியைத் தளர்த்தும், நட்டு ஸ்பானருக்கு இடம் தரும். ஆறிய பின் சிறிது முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கவேண்டும்.

ஸ்பின்டிலில் சிக்கிய கட்டர்

கட்டரின் கூம்பு ஸ்பின்டிலுக்குள் ஒட்டிக்கொள்வது வழக்கமான சிக்கல். மேலேயிருந்து அதை இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ற்றை முழுதாகக் கழற்றவேண்டாம். இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மென்மையான சுத்தியலால் ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் விடும். போல்ற்றின் புரி நன்றாகப் பிடித்திருக்கவேண்டும். ஓரிரு புரியில் மட்டும் நிற்கும்போது அடித்தால் புரியே போய்விடும்.

விடாவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை ஸ்பின்டிலின் மூக்கில் சுற்றுங்கள். கட்டர் குளிர்ந்தே இருக்கட்டும். சில நிமிடங்களில் வெளிப்பாகம் விரியும், அப்போது மீண்டும் தட்டுங்கள். பலமான அடி மேலும் மேலும் விழுந்தால் ஸ்பின்டில் பெயாரிங்கின் பாதையில் குழி விழும். பிறகு மெசின் சத்தமிடும், வெட்டும் பரப்பு அலையலையாக வரும்.

கறளை எடுத்தல்

விடுபட்ட தடங்களில் உப்புத்தாளும் அரத்தாளும் வேண்டாம். தடத்தின் மேலுள்ள நுண்ணிய சுரண்டல் தடயங்கள் எண்ணெய் தங்குவதற்காகவே செய்யப்பட்டவை. மண்ணெண்ணெய் ஊற்றி, பித்தளைத் தகட்டாலோ சாய்த்துப் பிடித்த சவர அலகாலோ கறளை வழிக்கவேண்டும். மேடு தட்டும் இடத்தில் மட்டும் எண்ணெய் பூசிய தீட்டுக்கல்லை மெதுவாக ஓட்டலாம்.

சிறிய பாகங்களை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, சலவைச் சோடாக் கரைசலில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசலாம். நாட்கணக்கில் விட்டால் வினாகிரி நல்ல இரும்பையும் அரிக்கும்.

மின்பகுப்பு முறையும் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர், 4 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ற் பற்றரி சார்ஜர் ஆகியவை போதும். கறள் பிடித்த பாகத்துக்கு மறை முனை, ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு நேர் முனை. மாற்றிக் கொடுத்தால் பாகம்தான் கரையும். தகடாகக் கறையில்லா உருக்கைப் பயன்படுத்தினால் நஞ்சுள்ள குரோமியம் கரைசலில் சேரும். சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். இந்த வேலையில் ஐதரசன் வெளியேறுவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யவேண்டும். பித்தளை, அலுமினியம், சுருள்வில் ஆகியவற்றை இதில் போடக்கூடாது.

இவற்றையெல்லாம் கச்சான் காற்று வீசும் காலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வாடைக்காலத்தில் சுத்தம் செய்து எண்ணெய் பூசாமல் விட்ட இரும்பு மறுநாள் காலையில் செம்மஞ்சளாக இருக்கும்.

விற்பதா, வைப்பதா?

எல்லா மெசினையும் மீட்க முடியாது. தூணில் வெடிப்பு, தடத்தில் ஆழமான குழி, ஸ்பின்டில் தண்டில் வளைவு ஆகியவை இருந்தால் செலவு கைமீறும். அப்போதும் மோட்டார், வைஸ், கைச்சக்கரங்கள், பற்சக்கரங்கள் என்பன தனித்தனியாக விலைபோகும்.

பட்டறையை நடத்தியவர் இன்றில்லாத வீடுகளில் இந்த முடிவு மனைவியின் கையிலோ பிள்ளைகளின் கையிலோ இருக்கிறது. கருவியே இல்லாமல் அவர்கள் நான்கு காரியம் செய்யலாம். தகட்டைத் துடைத்துப் பெயரையும் இலக்கத்தையும் படம் எடுங்கள். ஸ்பின்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சற்றேனும் சுற்றினால் அது நல்ல அறிகுறி. மேசைக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். கறளுக்குக் கீழே வழுவழுப்பு மிஞ்சியிருக்கிறதா என்று தெரியும். மெசினைச் சுற்றி வந்து வெடிப்பைத் தேடுங்கள். பிறகு, இரும்பு வாங்குபவரிடம் விலை கேட்பதற்கு முன், அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் படங்களைக் காட்டுங்கள். அருகிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்திலோ இதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள்.

அதுவரை நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, ஓயில் பூசி, மேலே தறப்பாள் மூடி வையுங்கள். அடிப்பக்கத்தைக் காற்றோட்டத்துக்குத் திறந்து விடுங்கள், இறுக மூடினால் உள்ளே வியர்க்கும். இதற்கு ஒரு பகல் வேலை போதும். இத்தனை ஆண்டுகள் காத்திருந்த மெசின், தெரிந்த கை வந்து சேரும்வரை இன்னும் சில மாதம் தாங்கும்.